வரிசை கெடாமல் கேளுங்கள், மாமா

நெருள், நவி மும்பை

அன்புள்ள மாமாவுக்கு,

நெருள் என்றதும் உங்களுக்கு நினைவு வருவது 2008 ஜூன் 1தான். முதல் ஐபிஎல் இறுதிப்போட்டியில் நம் சென்னை அணி கடைசிப் பந்தில் ராஜஸ்தானிடம் தோற்றது இங்குள்ள டி.ஒய். பாட்டீல் மைதானத்தில்தான். உங்கள் கோபம் நியாயமே. ஆனால் 2019 டிசம்பர் 15 அன்று யு2 என்ற அயர்லாந்து ராக் குழு இந்தியாவில் முதன்முறையாக மேடை ஏறியதும் இதே மைதானத்தில்தான். 1987இல் வெளிவந்த 'தி ஜோஷுவா ட்ரீ' ஆல்பத்தின் 11 பாட்டுகளையும் அன்று வரிசை மாறாமல் பாடினார்கள். ராக் பக்கமே போகாத உங்களைப் போன்றவர்களுக்கு அதில் ஒரு வழிகாட்டல் இருக்கிறது: ஹிட் பாட்டைப் பொறுக்காதீர்கள், ஆல்பத்தை முழுசாகக் கேளுங்கள்.

பொறுக்கினால் என்ன குறைந்துவிடும்? இந்த ஆல்பத்தில் உலகமே அறிந்த மூன்று பாட்டுகளும் முதல் மூன்று இடங்களில் இருக்கின்றன. அதோடு எழுந்துவிட்டால், இது காதலும் தேடலும் பாடும் குழு என்று சான்றிதழ் எழுதிவிடலாம். 4ஆவது பாட்டு எல் சால்வடாரில் அமெரிக்கா தலையிட்டதைச் சாடுகிறது. 5ஆவது, டப்ளின் அடுக்குமாடிகளில் ஹெராயினுக்கு அடிமையானவர்களைப் பற்றியது. 6ஆவது, 1984-85 பிரிட்டன் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் குடும்பத்துக்குள் கொண்டுவந்த விரிசல். கடைசிப் பாட்டு, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடிய அர்ஜென்டினாத் தாய்மார்களுடையது. இவ்வளவும் கேட்டபின் முதல் பாட்டை மறுபடி கேளுங்கள், காது வேறு மாதிரி கேட்கும். பெல்ஃபாஸ்டில் ஒருவர் குடியிருக்கும் தெருவைச் சொன்னாலே அவர் மதமும் வருமானமும் தெரிந்துவிடும் என்ற எண்ணத்திலிருந்து, தெருவுக்குப் பெயரே இல்லாத இடத்துக்கு ஏங்கும் பாட்டு அது. தெருப் பெயரிலிருந்து சாதியை எடுக்க அரசாணை தேவைப்படும் மாநிலத்தில் இருக்கும் உங்களுக்கு இதற்குப் பொழிப்புரை வேண்டாம். சிட்கோ என்ற நகரமைப்பு நிறுவனம் திட்டமிட்ட நெருளில் முகவரி என்றாலே செக்டர் எண், பிளாட் எண்தான். ஏக்கம் நிறைவேறிய ஊர் என்று நினைத்துவிடாதீர்கள், வாடகைக்கு வீடு தேடினால் புரோக்கரின் முதல் கேள்வி, "வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?"

'இங்கிலீஷ் பாட்டு, அதுவும் கூச்சல், ஒரு வார்த்தை புரியாது' என்பீர்கள். மும்பை கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஷண்முகானந்தா சபையில் தெலுங்குக் கீர்த்தனைக்குத் தலையாட்டும் தமிழர்கள் எல்லோரும் தெலுங்கு படித்துவிட்டா வருகிறார்கள்? வர்ணத்தில் தொடங்கி மங்களத்தில் முடியும் வரிசையை நம்பி உட்காருகிறார்கள். கடைசியில் வரும் துக்கடாவை முதலில் பாடச் சொல்லி யாரும் சீட்டு அனுப்புவதில்லை. அந்த வரிசை ஒன்றும் வேதகாலத்தது அல்ல. 20ஆம் நூற்றாண்டில் அரியக்குடி ராமானுஜ அய்யங்கார் நிலைநிறுத்தியது.

இன்னும் வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. முதல் பாட்டும் கடைசிப் பாட்டும் எவை என்று குழு சொல்லிவிட, இடையில் உள்ளவற்றைத் தனக்குப் பிடித்த வரிசையில் அடுக்கியவர், மிக்சிங்கில் பங்குகொண்ட ஸ்டீவ் லில்லிவைட்டின் அப்போதைய மனைவியான பாடகி கிர்ஸ்டி மெக்கால். அப்படியானால் இந்த வரிசைக்கு என்ன புனிதம்? புனிதம் இல்லைதான். ஆனால் பிடித்ததை முன்னால் வைத்தால் கனமானது பின்னால் போகும். பாதியில் எழுந்தவர் குழுவைக் கேட்கவில்லை, மெக்காலின் விருப்பப் பட்டியலில் பாதியைத்தான் கேட்டிருக்கிறார். இதற்கு யு2வே சாட்சி. அந்தச் சுரங்கப் பாட்டை 30 ஆண்டுகள் அவர்கள் மேடையில் பாடவே இல்லை. ஆல்பத்தை முழுசாகப் பாடுவது என்று 2017இல் முடிவெடுத்த பிறகுதான் அதற்கு மேடை கிடைத்தது. பாட்டை எழுதியவர்களுக்கே அதைத் திருப்பித் தந்த வழி, புதிதாகக் கேட்பவரை ஏமாற்றாது.

'நமக்கும் அவர்களுக்கும் என்ன உறவு' என்றும் கேட்பீர்கள். அந்த இரவு ஏ.ஆர். ரஹ்மானும் அவர் மகள்களும் மேடை ஏறி, திருக்குறள் கலந்த 'அஹிம்சா' பாட்டை யு2வோடு பாடினார்கள். வள்ளுவரே போய்வந்த இடத்துக்கு நீங்கள் போனால் ஒன்றும் கெட்டுவிடாது. மொத்த ஆல்பமும் சுமார் 50 நிமிடம், அத்தை பார்க்கும் இரண்டு சீரியல் நேரம். அவர்கள் பார்க்கும்போதே ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்காருங்கள். கல்யாணமான நாளிலிருந்து இல்லாத அமைதி வீட்டில் நிலவினால் அந்தப் புண்ணியம் எனக்கு.

அன்புடன்,
உங்கள் மருமகன்