வீட்டுக்குள் ஓடும் ஆறுகள்

அப்போது காரைக்காலில் எங்கள் வீட்டுச் சாமான்கள் எதற்கும் தனிப் பெயர் கிடையாது. டிவி என்றால் அந்த ஒரே டிவிதான். விண்டோஸ் 98 போட்ட இரண்டு கணினிகளைக் கம்பியால் இணைத்தபோதுதான், பெயர் என்ன என்று திரை கேட்டது. கூடத்தில் இருந்ததற்கு ‘ஹால்’, மற்றதற்கு அண்ணன் பெயர். சில வருஷங்களில் ‘ஹால்’ மாடியறைக்குப் போனது. காரைக்கால் வீடுகளில் நடப்பதுபோல அண்ணன் பிரான்சுக்குப் போய்விட்டார். அவர் பெயர் தாங்கிய கணினியில் அம்மா சீட்டுக் கணக்கு எழுதினார்.

டான் லிப்ஸ் என்பவர் 1990-லேயே இந்தப் பெயர்க் குழப்பத்தை யோசித்திருக்கிறார். கணினிக்குப் பெயர் வைப்பது பற்றி அவர் எழுதிய குறிப்புக்கு, இணையத் தொழில்நுட்பக் குறிப்புகளின் வரிசையில் ஆர்எஃப்சி 1178 என்று எண். சொந்தப் பெயர் வேண்டாம், நீளப் பெயர் வேண்டாம், ஒரே வகைப் பெயர்களாக எடுங்கள் என்கிறார். இன்றைக்கும் இதைவிட நல்ல யோசனை இல்லை.

இப்போது பல வீடுகளில், ரவுட்டரில் இணைந்த கருவிகளின் பட்டியலைத் திறந்தால் போன், டிவி, பிரிண்டர், சிசிடிவி கேமரா எல்லாம் கம்பெனி ஒட்டிய எழுத்தும் எண்ணுமாக நிற்கின்றன. நடுவே அந்நியர் ஒருவர் நுழைந்திருந்தாலும் தெரியாது.

அதனால் எங்கள் வீட்டுக் கருவிகளுக்குப் பெயர் வைத்தோம். பெயருக்கு நாங்கள் எங்கும் அலையவில்லை, எங்கள் பக்கத்து ஆறுகளே போதுமாக இருந்தன. ரவுட்டர் காவிரி. டிவி அரசலாறு, கேமரா நாட்டாறு, பிரிண்டர் நூலாறு, படங்களைச் சேமிக்கும் பெட்டி முல்லையாறு. திருமலைராஜனாற்றையும் வைக்க ஆசைதான். ஆங்கிலத்தில் எழுதினால் 17 எழுத்து வருகிறது, விண்டோஸின் பழைய முறை 15-க்கு மேல் ஏற்காது. தமிழ் எழுத்திலேயே வைக்கலாம் என்றால், ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு இவற்றைத்தான் பல கருவிகள் ஒழுங்காக ஏற்கின்றன. இதில் எனக்கு வருத்தம் உண்டு.

அதைவிடப் பெரிய வருத்தம் வேறு. மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். அந்தத் தேதி தவறும் வருஷங்களில் கடைமடைக்காரர்களான நாங்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். வாய்க்கால்கள் காய்ந்து கிடக்கும்போதும் ஆற்றுப் பெயர் கொண்ட பெட்டிகள் இரவுபகலாக ஓடுகின்றன. ஆனாலும் வீட்டுப் பிள்ளைகள் நூலாற்றின் பெயரைத் தினமும் சொல்கிறார்கள். முன்பு பாலத்தைக் கடக்கும்போதுகூட யாரும் அதைச் சொன்னதில்லை.

ஆண்ட்ராய்டு 10 முதல் போன்கள் வைஃபையில் ரவுட்டர் அடையாளம் காணும் தம் உண்மையான வன்பொருள் முகவரியை மறைத்து வேறொன்றைக் காட்டுகின்றன. வீட்டு வைஃபைக்கு மட்டும் அதை நிறுத்திவையுங்கள். அப்போது ரவுட்டரில் வைத்த பெயர் மாறாமல் நிற்கும். இன்றே ரவுட்டர் பட்டியலைத் திறந்து, உங்கள் ஊர் ஆறு, ஏரி, குளங்களின் பெயர்களை வையுங்கள். எந்தப் பெயருக்கும் பொருந்தாமல் ஒரு கருவி மிஞ்சினால், அன்றைக்கே கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.