ஒழுகலியல்: ஓர் ஆய்வு

1. நோக்கம்

டிராக்டர் லோடரின் பக்கெட் சிலிண்டரிலிருந்து எண்ணெய் சொட்டுவதைத் தமிழுலகம் இதுவரை ‘லீக்கு’ என்ற ஒற்றைச் சொல்லோடு கடந்துவிட்டது. அக்குறை களையவே இவ்வாய்வு. களம்: பல்லடம் பக்கம் எங்கள் தோட்டம். ஆய்வுப்பொருள்: கோழி எரு அள்ளும் லோடர்.

2. முன்னோர் ஆய்வு

இங்கிலாந்தில் ஜோசப் பிராமா 1795இல் நீரழுத்த எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஒழுகல் அதன் உடன்பிறப்பு. அவரது பட்டறையிலிருந்த ஹென்றி மாட்ஸ்லி கிண்ணம்போல் ஒரு தோல் சீல் செய்து அதை அடக்கினார். அழுத்தம் ஏற ஏற விளிம்பு விரிந்து தானே இறுகும். இன்று தோல் ரப்பராகிவிட்டது. சொட்டு மட்டும் சொட்டாகவே இருக்கிறது.

3. கொள்கைப் பிரிவுகள்

இத்துறையில் மூன்று மதங்கள் உண்டு. துடைப்பர், பனியன் வேஸ்டால் ராடைத் துடைத்து, “நின்னுருச்சு” என்பர். ஊற்றுவர், டேங்கில் எண்ணெய் உள்ளவரை லீக்கே இல்லை என்பர். நொடிக்கொரு சொட்டு நாளுக்கு 4 லிட்டர் தாண்டும் என்று கணக்குக் காட்டினாலும் மதம் மாறார். மூன்றாமவர் கழற்றுவர். கட்டுரையாளர் அவ்வினம்.

4. முறை

பக்கெட்டைத் தரையில் இறக்கி, எஞ்சினை அணைத்து, லீவரை இருபுறமும் ஆட்டி அழுத்தத்தைப் போக்கினோம். 63 மி.மீ. பிஸ்டனில் 150 பார் அழுத்தம் ஏறினால் ஏறத்தாழ 4.8 டன் விசை, ஆய்வாளரே ஆய்வுப்பொருளாகிவிடுவார். கிளாண்டு நட்டைத் திருகத் தனி ஸ்பேனர் உண்டென்பது நூல் வழக்கு. உளியும் சுத்தியலும் உலக வழக்கு. புதுச் சீலுக்கு எண்ணெய் தடவி, விரலால் மடித்து அமர்த்தினோம். அதன் உதடு எண்ணெயைப் பார்த்திருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் மாட்ஸ்லி பட்ட பாடு வீண்.

5. கண்டடைவு

ஒன்பதாம் நாள் மறுபடி சொட்டியது. துடைப்பர் சிரித்தனர். ராடை நகத்தால் தடவினோம். ஓரிடத்தில் நகம் இடறியது. குரோம் பூச்சில் துருக்குழி. ராடு போய்வரும் ஒவ்வொரு முறையும் சீலின் உதட்டைக் கீறியது அதுவே. ஆக, நாம் மாற்றிய சீல் குற்றவாளியன்று, அடிபட்ட சாட்சி. எரு அப்பிய ராடு மழையில் நீட்டியபடி நின்றதே மூலகாரணம் எனத் துணிந்து, ராடைப் புதுக் குரோம் ஏற்றக் கோவைக்கு அனுப்பினோம்.

6. மதிப்புரை

முடிவுகளை டிரைவர் அண்ணனிடம் படித்துக் காட்டினோம். முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: “மழைக்கு முன்னாலயே சொன்னனுங்களே, பக்கெட்ட மடக்கி நிறுத்துனா ராடு உள்ள போயிருமுங்கன்னு.”

இக்கூற்றை இரண்டாம் பகுதியில் சேர்க்காதது கட்டுரையாளரின் பிழை.