காணாமல் போன இரண்டாம் இடம் குறித்து ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் போட்டியில் நின்ற டாக்டர் ரான் பாலின் ஆதரவாளர்கள், ஆயோவா மாநிலம்.

பெறுநர்: முன்னணி வேட்பாளர் யார் என்று தீர்மானிக்கும் ஆசிரியர் குழுவினர், அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்தி நிறுவனங்கள் (அனைத்தும்).

பொருள்: இரண்டாம் இடம் காணாமல் போனது – கண்டுபிடித்துத் தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1) 13.8.2011 ஏம்ஸ் மாதிரி வாக்கெடுப்பு. 2) 3.1.2012 ஆயோவா காக்கஸ் (வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கட்சிக்காரர்கள் கூடிச் சீட்டுப் போடும் கூட்டம்). 3) 2007 அக்டோபரில் தங்களில் ஒரு நிறுவனம் எங்களுக்கு எழுதிய திறந்த மடல். (பதில் போட ஐந்து வருடம் ஆகிவிட்டது. பொறுத்தருள்க.)

2012 செப்டம்பர்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

போன மாதம் டாம்பா நகரில் குடியரசுக் கட்சி மாநாடு முடிந்தது. மிட் ராம்னி அதிபர் வேட்பாளராகிவிட்டார். இனி எங்களால் யாருக்கும் கெடுதல் இல்லை என்பதால் இந்தக் கடிதத்தைத் தாங்கள் கடைசிவரை படிப்பீர்கள் என்று நம்புகிறோம்.

பார்வை ஒன்றில் கண்ட ஏம்ஸ் வாக்கெடுப்பில் மிஷேல் பாக்மன் அம்மையார் வாங்கியது 4,823. எங்கள் டாக்டர் வாங்கியது 4,671. வித்தியாசம் 152 ஓட்டு. மூன்றாவதாக வந்த டிம் பாலென்டிக்கு 2,293, அதாவது எங்களுடையதில் பாதிக்கும் குறைவு. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காபியை ஆற்றிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தோம். எந்தச் சேனலைத் திருப்பினாலும் அம்மையார். அது நியாயம், முதலில் வந்தவர். பாலென்டி போட்டியிலிருந்தே விலகினார். அது செய்தி, ஒப்புக்கொள்கிறோம். வாக்கெடுப்பு நடந்த அன்றுதான் தென் கரோலினாவில் களத்தில் குதித்தார் ரிக் பெரி. ஏம்ஸ் சீட்டில் அவர் பெயரே கிடையாது. ஆட்கள் எழுதிப் போட்டதில் 718 விழுந்து ஆறாவது வந்தார். அவர் பெரிய செய்தி. 567 வாங்கி ஏழாவது வந்த ராம்னி முன்னணி வேட்பாளர். ஆக, தாங்கள் எண்ணும் முறை ஒன்று, மூன்று, ஆறு, ஏழு என்று போகிறது. பந்தியில் உட்கார வைத்து, இலையும் போட்டு, தண்ணீரும் தெளித்த பிறகு சாம்பார் வாளி மட்டும் எங்கள் இலையைத் தாண்டிப் போனால், பசியைவிடப் பக்கத்து இலைக்காரர் பார்க்கும் பார்வைதான் தாங்க முடிவதில்லை.

திங்கட்கிழமை ராத்திரி இதைக் கவனித்துச் சொன்னவர் ஜான் ஸ்டூவர்ட். ஓட்டல்களில் பதின்மூன்றாம் மாடியை இல்லாததுபோல் தாண்டிப் போவார்களே, இந்த மனிதர் எப்படி அந்த மாடி ஆனார் என்று கேட்டார். அவர் நடத்துவது நகைச்சுவை நிகழ்ச்சி. தங்களில் ஒருவரோ ஆயோவாவில் இருந்த தன் நிருபரிடம், சாரா பேலினின் படம் கிடைத்தால் அனுப்பு, ரான் பால் சமாச்சாரத்தை நீயே வைத்துக்கொள்ளலாம் என்று நேரலையிலேயே சொன்னார். பேலின் அம்மையார் போட்டியிலேயே இல்லை. இந்த இரண்டில் எது நகைச்சுவை நிகழ்ச்சி என்று எங்கள் வீட்டில் இன்னும் தகராறு.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். ஏம்ஸ் வாக்கெடுப்பு மாநிலக் கட்சிக்குக் காசு சேர்க்கும் திருவிழா. ஓட்டுப் போட 30 டாலர் டிக்கெட். பெரும்பாலும் வேட்பாளர்களே கட்டி, பஸ் வைத்துக் கூட்டி வந்து, பந்தல் போட்டுச் சோறும் போடுவார்கள். மைதானத்தில் நல்ல இடத்துக்கு ஏலம் உண்டு. எங்கள் தரப்பு 31,000 டாலர் கொட்டி முதல் இடத்தைப் பிடித்தது. இதற்குப் பேரே ஆங்கிலத்தில் வைக்கோல் ஓட்டு. வைக்கோலுக்கு என்ன மரியாதை என்று தாங்கள் கேட்டால் வாயை மூடிக்கொள்வோம். ஆனால் வைக்கோல் என்றால் எல்லாருக்கும் வைக்கோல். 152 கட்டு அதிகம் வைத்திருந்த அம்மையாருக்கு மட்டும் அது நெல்லாக மாறியது எப்படி?

பார்வை மூன்று பற்றி. 2007இல் மிஷிகனில் நடந்த விவாதம் முடிந்ததும், யார் ஜெயித்தார் என்று தங்கள் நிறுவனம் ஒன்று இணையத்தில் கேட்டது. எங்கள் டாக்டருக்கு 75 சதவீதம் விழுந்தது. உடனே அந்தக் கணிப்பையே எடுத்துவிட்டு, ஆட்டத்தைக் கெடுத்துவிட்டீர்கள் என்று எங்களுக்கு மடல் எழுதினார்கள். அன்று நாங்கள் நண்பர், நண்பரின் மாமியார் என்று ஒருவர் விடாமல் எழுப்பி ஓட்டுப் போட வைத்தது உண்மைதான். அதற்குப் பேர் தேர்தல் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

2011 நவம்பர் 12, ஸ்பார்டன்பர்க் விவாதம். டிவியில் ஒளிபரப்பானது ஒரு மணி நேரம். அதில் எங்கள் டாக்டருக்குக் கிடைத்தது சுமார் 90 விநாடி. நாலாயிரத்துக்கு மேல் பிரசவம் பார்த்த மனிதர். காத்திருந்து பழக்கம் உண்டு. ஆனால் பிரசவத்தில் கடைசியில் குழந்தையாவது வரும்.

டிசம்பரில் அதிசயம் நடந்தது. ஆயோவாக் கருத்துக்கணிப்பு ஒன்றில் டாக்டர் முதலிடத்துக்கு வந்துவிட்டார். இனி எண்ணுவதில் யாருக்கும் சிரமம் இருக்காது, ஒன்றுக்கு முன்னால் விட்டுப்போக எண்ணே இல்லை என்று நிம்மதியாக இருந்தோம். அப்போது எங்கள் மாநில ஆளுநர் டெரி பிரான்ஸ்டாட் அவர்கள் ஒரு விளக்கம் தந்தார்: டாக்டர் ஜெயித்தால், இரண்டாவதும் மூன்றாவதும் யார் என்றுதான் மக்கள் பார்ப்பார்களாம். ஆகஸ்டில் நாங்கள் மாநிலம் முழுக்கத் தேடிய இரண்டாம் இடம் அதுதான், ஐயா! பத்திரமாகத்தான் இருந்திருக்கிறது. நாங்கள் காலி செய்துவிட்டுப் போகும்வரை பூட்டி வைத்திருந்தார்கள்.

ஜனவரி 3ஆம் தேதி காக்கஸில் டாக்டர் 26,000த்துச் சொச்சம் வாங்கி மூன்றாவது வந்தார். ராம்னி 8 ஓட்டில் முதலிடம் என்றார்கள். அந்தப் பெருமையோடு அவர் நியூ ஹாம்ப்ஷயருக்குப் போய் அங்கேயும் ஜெயித்தார். 19ஆம் தேதி திரும்பக் கணக்குப் பார்த்தால், இன்னொரு வேட்பாளர் ரிக் சான்டோரம் 34 ஓட்டு முன்னே நிற்கிறார்; எட்டு வட்டாரங்களின் கணக்குத்தாள் கிடைக்கவேயில்லை. பாவம் சான்டோரம். பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு அவருக்குச் சாம்பார் வந்தது.

இனிமேல் எழுதப்போவது தங்களுக்குப் பிடிக்கும். காக்கஸில் சீட்டைப் போட்டுவிட்டு மற்றவர்கள் குளிரில் வீடு போய்ச் சேர்ந்தார்கள். நாங்கள் போகவில்லை. அடுத்த கூட்டத்துக்கு யார் பிரதிநிதி என்று கேட்டபோது எங்கள் கைதான் உயர்ந்தது. மாவட்டக் கூட்டம், மாநிலக் கூட்டம் என்று ஒவ்வொன்றாக உட்கார்ந்து, டாம்பாவுக்குப் போன ஆயோவாவின் 28 ஓட்டில் 22ஐ டாக்டருக்கு வாங்கினோம். மூன்றாவது வந்தவருக்கு 22. முதலில் வந்த சான்டோரத்துக்கு ஒன்றுகூட இல்லை. இது எப்படி நியாயம் என்று கேட்டால், விதிமுறைப் புத்தகத்தைக் காட்டுவோம். தாங்கள் அதைக்கூடக் காட்டியதில்லை.

அந்த 22ஐயும் எங்கள் ஆட்கள் மாநாட்டில் தொண்டை கிழியச் சொன்னார்கள். மேடையிலிருந்து மாநிலம் மாநிலமாகத் திரும்பச் சொல்லப்பட்டது ராம்னிக்கு விழுந்தது மட்டும்தான். தங்களிடம் பாடம் படித்திருக்கிறார்கள். குரு தட்சிணை கேட்டு வாங்கிக்கொள்ளவும்.

எங்கள் கோரிக்கை எளிது. அடுத்த முறை முன்னணி வேட்பாளர் பட்டியலை டிக்கெட் விற்பதற்கு முன்பே வெளியிட்டுவிட்டால், தலைக்கு 30 டாலரும் மைதான வாடகையும் மிச்சமாகும். டாக்டர் சொல்வதுபோல் பெடரல் ரிசர்வ் வங்கியை ஏன் இழுத்து மூட வேண்டும் என்று இத்துடன் நாற்பது பக்கம் எழுதியிருந்தோம். எங்களில் நிதானமான ஒருவர் உருவி எடுத்துவிட்டார். அவர் யார் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

தங்கள் உண்மையுள்ள,
இரண்டாவதாக வந்தவர்கள்

நகல்: மாண்புமிகு ஆளுநர் டெரி பிரான்ஸ்டாட் அவர்களுக்கு. (இரண்டாம், மூன்றாம் பக்கங்களை மட்டும் பார்த்தால் போதும்.)