ஒண்டுக்குடித்தன நண்டுகள்

கண்ணாடித் தொட்டிக்குள் இரண்டு துறவி நண்டுகள் கட்டிப் புரண்டால், வளர்க்கிறவர் வாயில் முதலில் வருவது "இதுக்கு ரொம்பக் கொழுப்பு" என்பதுதான். இரண்டாம் நாள் அது "அந்தப் பெரிசு சரியான ரவுடி, பிரிச்சு வைக்கணும்" என்று முற்றிவிடும். இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் இந்தப் பேச்சு இன்னும் ஒரு படி மேலே போகும். வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்குமாக ஒரு நாய் இனத்துக்கே ஊர்ப்பெயரைக் கொடுத்து, 2005 ஜனவரியில் அது அஞ்சல்தலையில் ஏறியதையும் பார்த்துவிட்டவர்கள் நாம். அதனால் எந்த உயிர் எதைக் கடித்தாலும் "அது ரத்தத்துலயே ஊறினது" என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை நமக்கு உண்டென்று ஒரு நினைப்பு. செட்டியார்பட்டி டீக்கடை பெஞ்சில் இந்தத் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. நான் அப்பீலுக்குப் போகிறேன். நண்டுத் தொட்டியில் நடப்பது பெரும்பாலும் வீட்டு வழக்கு. அதைக் கிரிமினல் கேஸாகப் பதிவு செய்வதே பிழை. முதல் எதிரியாகச் சேர்க்க வேண்டியவர், தொட்டியை வாங்கி வைத்தவர்.

ஆதாரத்தை நண்டின் உடம்பிலிருந்தே தொடங்கலாம். நாம் குழம்பு வைக்கும் நண்டுக்கு உடம்பெல்லாம் ஓடு. துறவி நண்டுக்கு முன்பாதிக்கு மட்டும்தான் கவசம். பின்பாதி கொழகொழவென்று சுருண்டு கிடக்கும் ஒரு பை. அதைக் காலியான நத்தைச் சங்குக்குள் நுழைத்து, வால் நுனியிலுள்ள கொக்கி போன்ற உறுப்புகளால் சங்கின் நடுத்தண்டைப் பற்றிக்கொள்ளும். கடைசி இரண்டு ஜோடிக் கால்கள் நடக்க உதவாமல் குட்டையாகிப்போய், உள்ளிருந்தபடி சங்குக்கு முட்டுக்கொடுக்கின்றன. கடைகளில் விற்கும் நிலத்து வகைக்கு, அதாவது கோயனோபிட்டா பேரினத்துக்கு, இடது கொடுக்கு பெரிது. உள்ளே இழுத்துக்கொண்டால் அதுவே கதவு. செவுள் காயாமலிருக்கச் சங்குக்குள் கொஞ்சம் தண்ணீரும் சேர்த்து வைத்திருக்கும். இத்தனை வசதியும் உள்ள வீட்டைக் கட்ட அதற்குத் தெரியாது. நத்தை கட்டியதில்தான் குடியிருக்க வேண்டும், அதுவும் நத்தை செத்த பிறகு. நண்டு வளரும், சங்கு வளராது. இது எங்கே போய் முடியும் என்று சொல்லப் பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை. வாடகை வீட்டில் இரண்டாவது பிள்ளை பெற்றவர் யாரைக் கேட்டாலும் சொல்வார்.

அந்தச் சண்டையை அருகில் வைத்துப் பார்த்தவர்கள் எழுதியதைப் படித்தால் ரவுடித்தனம் என்ற சொல்லே ஒட்டாது. பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் எல்வுட், அவரோடு சேர்ந்து ஆராய்ந்த மார்க் பிரிஃபா ஆகியோர் ஐரோப்பியக் கடல் துறவி நண்டுகளை இப்படிப் பல ஆண்டுகள் கவனித்திருக்கிறார்கள். தாக்க வரும் நண்டு எதிராளியின் சங்கைப் பிடித்து, வாசலைத் தன் பக்கம் திருப்பி, கொடுக்கை உள்ளே விட்டுத் துழாவுகிறது. வீடு பார்க்க வந்தவர் குளியலறைக் கதவைத் திறந்து பார்ப்பாரே, அது. பிடித்துப்போனால் தன் சங்கை எதிராளியின் சங்கின்மேல் 'டக் டக் டக்' என்று மோத ஆரம்பிக்கும். ஒரு சுற்று தட்டல், கொஞ்சம் ஓய்வு, மறுபடி ஒரு சுற்று. தட்டத் தட்டத் தட்டுகிறவரின் உடம்பில் லாக்டிக் அமிலம் ஏறிக் களைப்புத் தட்டும். அதனால் வலுவாக, இடைவெளி விடாமல் தட்டுகிறவருக்கே வெற்றி. நடுநடுவே மூச்சு வாங்குகிறவர் திரும்பிப் போக வேண்டியதுதான். உள்ளே இருப்பவர் தாங்கமாட்டாமல் பிடியை விட்டதும் வெளியே இழுக்கப்படுகிறார். வென்றவர் உடனே குடியேறிவிடுவதில்லை. காலி வீட்டை இன்னொரு முறை தடவிப் பார்த்துத்தான் உள்ளே போகிறார். தோற்றவர் உடம்பு கூச அம்மணமாக நின்று, வென்றவர் கழற்றிப் போட்ட பழைய சங்கில் போய்ப் புகுந்துகொள்கிறார். இப்படி முடிந்தால் யாருக்கும் கால் போகவில்லை, யாரும் சாகவில்லை. வக்கீல் ஃபீஸும் மிச்சம்.

இவ்வளவு ஒழுங்காக நடப்பதைப் பார்த்து மனம் இளகியவர்களும் உண்டு. இது சண்டையே இல்லை, பேரம். தட்டுவது சேதி சொல்லும் முறை. மாற்றிக்கொண்டால் இருவருக்கும் லாபம் என்பதால்தான் உள்ளிருப்பவர் இறங்கி வருகிறார் என்று பிரயன் ஹேஸ்லெட் என்ற அமெரிக்க விலங்கியலாளர் 1978-ல் ஒரு கருத்தை முன்வைத்தார். கேட்க இனிக்கிறது, நம்மூர் பாகப்பிரிவினைகளும் இப்படி நடந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். எல்வுட் தரப்பு சோதித்துப் பார்த்தபோது, உள்ளே இருப்பவருக்கு ஒரு லாபமும் இல்லாவிட்டாலும் தட்டு பலமாக இருந்தால் வெளியேற்றம் நடந்தது. ஆகவே இது பலப்பிரயோகம்தான். "பார்த்தீரா, ரவுடி என்று அறிவியலே சொல்கிறது" என்று டீக்கடை பெஞ்சு இங்கே கைதட்டலாம். கொஞ்சம் பொறுக்க வேண்டும். அதே ஆராய்ச்சிகளில் சண்டைக்கு மும்முரமாகக் கிளம்பியது யாரென்று பார்த்தால், தன் உடம்புக்குப் பொருந்தாத சங்கில் மாட்டிக்கொண்ட நண்டு. அளவான வீட்டில் இருக்கும் நண்டு அடுத்தவர் கதவைத் தட்டி என்ன செய்யப்போகிறது? பலம் நண்டினுடையது, காரணம் வீட்டினுடையது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால்தான் தொட்டி வைத்தவர் இத்தனை நாள் தப்பித்து வந்திருக்கிறார்.

சந்தேகப்படுகிறவர்கள் நடு அமெரிக்காவின் பெலிஸ் கடற்கரைக்குப் போகலாம். அங்கே நல்ல காலிச் சங்கு ஒன்று கிடந்தால் முதலில் வரும் நண்டு அளந்து பார்க்கும். தனக்குப் பெரிதாக இருந்தால் பக்கத்திலேயே காத்திருக்கும். அடுத்தடுத்து வருகிறவை பெரியது முதல் சிறியது வரை ஒன்றையொன்று பிடித்தபடி வரிசையில் நிற்கும். சங்குக்குச் சரியான அளவுள்ள நண்டு வந்து ஏறியதும், அது விட்டதில் அடுத்தது, அடுத்தது விட்டதில் அதற்கடுத்தது என்று மளமளவென்று குடிமாற்றம் நடந்து முடியும். ராண்டி ராட்ஜன் முதலியோர் இதை 2010-ல் விவரமாக எழுதினார்கள். நண்டுகளின் குடிமாற்றத்தை ஆராய்ந்த ஐவன் சேஸ் என்பவருக்கு இந்தச் சங்கிலி பற்றிய யோசனை கிடைத்தது ஹாரிசன் வைட் என்ற சமூகவியலாளர் பாதிரியார்களின் பணி இடமாற்றங்களை ஆராய்ந்து 1970-ல் எழுதிய புத்தகத்திலிருந்து. பாதிரியார்களுக்கும் நண்டுகளுக்கும் ஒரே விதி பொருந்துவதில் பாதிரியார்கள் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. நமக்கு வேண்டியது ஒன்றுதான்: ரத்தத்திலேயே சண்டை ஊறியிருந்தால், பெலிஸ் நண்டுகளுக்கு ரேஷன் கடை வாசலில் நமக்கே கைகூடாத வரிசை எங்கிருந்து வந்தது? நல்லதாக ஒரு வீடு காலியானது, அவ்வளவுதான்.

இனி வருவது தொட்டிக்காரரின் வலுவான வாதம். "நாலு காலிச் சங்கு வாங்கிப் போட்டிருக்கேன். அதை விட்டுட்டு இன்னொண்ணு போட்டிருக்கிறதையே பிடுங்குது. இதுக்கு என்ன சொல்றீங்க?" சொல்ல இரண்டு இருக்கிறது. அந்த நாலும் கடைக்காரர் கையில் அகப்பட்ட நாலு. நண்டின் பெரிய கொடுக்கை அளந்து, வாசல் அதற்குச் சற்றே பெரிதாக இருக்கிறதா என்று பார்த்து எடுத்தவை அல்ல. அவற்றில் இரண்டு வர்ணமடித்துப் பொம்மை வரைந்ததாகவும் இருக்கக்கூடும். அமெரிக்கக் கடற்கரை ஊர்களில் நண்டையே அப்படி விற்கிறார்கள். இரண்டாவது காரணம் நுட்பமானது. கோஸ்டாரிகா கடற்கரையில் நிலத்து நண்டுகளை ஆராய்ந்த மார்க் லெய்டர் 2012-ல் எழுதியதன் சாரம் இது: நிலத்து நண்டுகள் சங்கை உள்ளிருந்து குடைந்து, நடுத்தண்டைத் தேய்த்து, இடத்தைக் கூட்டி, எடையைக் குறைத்துக்கொள்கின்றன. அந்த வேலை தலைமுறைகளாகக் கைமாறி வருகிறது. பல பேர் இருந்து தேய்த்த பழைய சங்கில் விசாலம். நத்தை நேற்று விட்டுப்போன புதுச்சங்கில் முட்டிக்கொள்ளும். அதனால் வளர்ந்த நண்டுக்கு வேண்டிய வீட்டில் எப்போதும் இன்னொரு நண்டு இருக்கிறது. கூட்டமாகச் சேர்ந்து ஒருவரை வெளியேற்றுவதும், கடைசியில் ஒன்று வீடில்லாமல் மணலில் காய்வதும் அங்கே நடக்கிறது. செட்டியார்பட்டியில் தடித்த சுவரும் உயர்ந்த கூரையுமாக நிற்கும் பழைய காரைவீட்டை ஒத்திக்குப் பிடித்தவரிடம் போய், பைபாஸ் ஓரம் புது ஃபிளாட் காலியாக இருக்கிறது, மாறிக்கொள்ளுங்கள் என்று சொல்லிப்பாருங்கள். அவர் கதவைச் சாத்தும் வேகத்தில் லெய்டரின் கட்டுரை முழுக்க விளங்கிவிடும். ஆகவே ஒரு நண்டுக்கு மூன்று நான்கு சங்காவது, வெவ்வேறு அளவில், வட்ட வாயோடு, வர்ணமில்லாமல் போட்டால்தான் "சங்கு போட்டிருக்கேன்" என்ற வாக்குமூலத்தை ஏற்கலாம்.

வீட்டு வழக்கில் அடங்காத ஒரு கொடுமையும் தொட்டியில் உண்டு. அதை ஒளிக்க மாட்டேன். தோலுரிக்கும் காலம் வந்தால் நிலத்து நண்டு ஈர மணலுக்குள் புதைந்து, பழைய ஓட்டைக் கழற்றித் தின்று, புது ஓடு இறுகும்வரை வாரக்கணக்கில், சமயத்தில் மாதக்கணக்கில் படுத்திருக்கும். அப்போது மற்றொரு நண்டு தோண்டிக் கண்டுபிடித்தால் தின்றுவிடும். இதைப் பேரம் என்று ஹேஸ்லெட்டே சொல்ல மாட்டார். ஆனால் இரண்டு அங்குலச் சல்லியைப் பரப்பிவிட்டு, நடுவில் பிளாஸ்டிக் தென்னை மரம் ஒன்றை நட்டு, இது கடற்கரை என்று சொன்னவர் யார்? புதையவே ஆழமில்லாத இடத்தில் புதைந்தவரை யாரும் கண்டுபிடிப்பார்கள். அரை அடிக்குக் குறையாத ஈர மணலும், தின்ன மீன், இறால், கணவாய் ஓடு, முட்டை ஓடு என்று புரதமும் சுண்ணாம்பும் இருந்தால் தோண்டிப் பார்க்கும் ஆசை வெகுவாகக் குறையும். முழுக்க நின்றுவிடும் என்று நான் உத்தரவாதம் தரவில்லை.

நிக்கோபார் தீவுகளின் தேங்காய் நண்டைச் சாட்சிக்கு இழுக்கிறவர்களும் இருக்கிறார்கள். துறவி நண்டின் நெருங்கிய உறவு அது. குட்டியாக இருக்கும்போது சங்கு போட்டுக்கொண்டு திரிந்துவிட்டு, பிறகு தன் உடம்பையே இறுக்கிக்கொண்டு சங்கைத் துறந்து, நாலு கிலோ வரை வளரும். நம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதே லெய்டர் சாகோஸ் தீவுகளில் 2016-ல் ஒரு தேங்காய் நண்டு இரவில் மரமேறிக் கடற்பறவையைக் கொன்றதைப் படம் பிடித்தார். குடும்பமே இப்படித்தான் என்கிறார்கள். அது ராத்திரிச் சாப்பாடு, ஐயா. அதைக் கொண்டுவந்து குடித்தனச் சண்டையில் சாட்சி ஏற்ற முடியாது.

சரி, ஒற்றை நண்டாக வளர்த்துவிட்டால்? சண்டை இருக்காது, உண்மைதான். ஊரில் ஒரே ஆள் இருந்தால் ரவுடி யாரென்ற கேள்வியே வராது. ஆனால் இவை காட்டில் கூட்டமாகத் திரிகிறவை, அடுத்தவரின் சங்கை நம்பி வாழ்கிறவை. முட்டை கடலில் விடப்பட்டு, குஞ்சுகள் நீரில் மிதந்து வளர்வதால் வீட்டிலோ பண்ணையிலோ பெருக்குவது பெரும்பாடு. தொட்டியில் கிடப்பவை அநேகமாக எல்லாமே ஏதோ ஒரு கரையிலிருந்து பொறுக்கி வந்தவை. முப்பது வருஷம் வாழக்கூடிய உயிர் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். இன்னும் வாங்காதவர் வாங்காமலிருப்பதே உத்தமம் என்பது என் கட்சி. மேற்கு மலையின் மழைமறைவில், உதடு வெடிக்கும் ஊரில், தொட்டிக்குள் மட்டும் கடற்கரை ஈரத்தைக் காப்பாற்றுவது லேசான காரியமும் அல்ல.

தொட்டிக்கு வெளியிலும் இதே வீட்டுப் பஞ்சம்தான். ஒரு நண்டு செத்தால் அந்த வாடை மற்ற நண்டுகளுக்கு 'டு-லெட்' போர்டு. வீடு காலி என்று தேடிக்கொண்டு வரும். இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவுகளிலும் பசிபிக்கின் ஹெண்டர்சன் தீவிலும் கரை ஒதுங்கிய பிளாஸ்டிக் டப்பாக்களில் விழுந்து ஏற முடியாமல் ஒன்று சாக, அந்த வாடைக்கு வந்தது விழ, அதன் வாடைக்கு அடுத்தது விழ, இப்படியே சுமார் 5,70,000 நண்டுகள் செத்திருக்கும் என்று ஜெனிஃபர் லேவர்ஸ் குழு 2020-ல் வெளிவந்த ஆய்வில் மதிப்பிட்டது. உலகெங்கும் மக்கள் எடுத்துப் போட்ட படங்களைத் திரட்டி 2024-ல் வந்த இன்னொரு ஆய்வில், 386 நண்டுகள் சங்குக்குப் பதில் மனிதக் குப்பைக்குள் குடியிருந்தன. அதிலும் பாட்டில் மூடிதான் அதிகம். தமிழ்நாட்டில் குடியிருப்போர் பிரச்சினைக்கு 1960-ல் ஒரு சட்டம் வந்தது, 2017-ல் அதற்குப் பதில் வேறொன்று இயற்றி 2019 பிப்ரவரியில் அமலுக்கும் வந்துவிட்டது. நண்டு வீட்டுக்கும் சட்டம் இல்லாமலில்லை: மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-லிருந்து தேசியப் பூங்கா. 2001-ல் 24 வகைச் சங்கு சிப்பிகள் வனவிலங்குச் சட்டத்துக்குள் வந்தன. மற்ற சங்குகள் எங்கே போயின என்று தேடக் கடலுக்குப் போக வேண்டாம். இராமேஸ்வரத்துக்கும் கன்னியாகுமரிக்கும் டூர் போய் வந்த நம் வீடுகளின் ஷோகேஸைத் திறந்தால் போதும். குடியிருக்க ஆளின்றிப் பூட்டிக் கிடக்கும் வீடுகள் அங்கே அடுக்கடுக்காக இருக்கின்றன.

அப்படியானால் ஷோகேஸில் இருப்பதை எடுத்துத் தொட்டியில் போட்டுவிடலாமா என்று கேட்பீர்கள். வார்னிஷ் ஏறாததாக, வாய் உடையாததாக இருந்தால் கொதிக்கவைத்து ஆறவிட்டுத் தாராளமாகப் போடலாம். மேலே பெயின்டால் 'கன்னியாகுமரி நினைவாக' என்று எழுதியிருந்தால் கூடாது, பெயின்ட் நண்டுக்கு ஆகாது. ஓட்டை போட்டு வயர் இழுத்து இரவு விளக்காக்கியதையும் விட்டுவிடுங்கள். கரன்ட் கனெக்‌ஷனோடு வீடு வேண்டுமென்று எந்த நண்டும் இதுவரை கேட்கவில்லை.