கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணியிலிருந்து மத்தியானம் ஒன்றே முக்கால் வரை, வானகரம் பக்கம் ஒரு கார் கன்சல்டிங்கின் தகரக் கொட்டகையில் நின்றிருந்தேன். அந்த மூன்றேகால் மணி நேரத்தில் புரோக்கர், "கண்ணை மூடிட்டு எடுக்கலாம் சார்" என்று பதினோரு தடவை சொன்னார். எண்ணினேன். வேறு வேலை இல்லை. நானோ கண் திறந்திருந்தால் போதாது என்று கையில் டார்ச் லைட்டும் கொண்டுபோயிருந்தேன்.

எந்தக் கம்பெனி வண்டி என்று சொல்லப்போவதில்லை. ஜெர்மனியா, இங்கிலாந்தா, ஸ்வீடனா என்றும் கேட்காதீர்கள், எல்லாம் பெரிய இடம். ஏழு பேர் உட்காரலாம், டீசல், 2015 செப்டம்பரில் பதிவானது. புதுசில் 75 லட்சம். இப்போது 18, நேரில் உட்கார்ந்து பேசினால் பதினேழரை. பதினெட்டு லட்சத்துக்குப் புது வண்டியே வருமே என்று என் மனைவி கேட்டாள். வரும். ஆனால் அதில் ஏறி உட்கார்ந்தால் பக்கத்து ஆட்டோக்காரர் நம்மைச் சமமாகப் பார்ப்பார். எனக்கு வயது 54. ஒரு தடவையாவது அந்த உயரத்தில் உட்கார்ந்து சிக்னலில் கீழே பார்க்க வேண்டும்.

இந்த மாதிரி வண்டி நம்பி வாங்கக்கூடியதா என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு சோதனை போதும் என்று எங்கள் மெக்கானிக் பாய் சொல்லியிருக்கிறார். அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்னால் பானெட்.

பானெட்டைத் திறந்தோம். நான், என் மச்சினன், 'வண்டி விஷயம் எல்லாம் அவனுக்கு அத்துப்படி மாமா' என்று மச்சினன் கூட்டிவந்த சிநேகிதன், சிநேகிதனின் பத்து வயதுப் பையன். பழைய மாருதி 800-இல் பானெட்டைத் தூக்கினால் இன்ஜின் தெரியும், பேட்டரி தெரியும், இடுக்கு வழியாகத் தரைகூடத் தெரியும். இதில் தெரிந்தது ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடி, அதன் நடுவில் கம்பெனி சின்னம். வந்தவரை வாசல் திண்ணையிலேயே உட்காரவைத்து மோர் கொடுத்து அனுப்புகிற வீடு மாதிரி. நாங்கள் நாலு பேரும் கையைக் கட்டிக்கொண்டு, கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி நிற்கிற மாதிரி நின்றோம். சிநேகிதன் அந்த மூடியை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "இன்ஜின் கண்டிஷன்" என்றான். அவன் கூட்டுறவு வங்கியில் நகை மதிப்பீட்டாளர். உரைத்துப் பார்த்தே பழகிய கை. இங்கே உரைக்க வழியில்லாததால் தட்டினான். பிறகு நாலு டயரையும் வரிசையாக உதைத்தான். பையன் சன்ரூஃபைத் திறந்து மூடினான். எங்களில் உருப்படியாக எதையாவது இயக்கிப் பார்த்தவன் அவன் ஒருத்தன்தான்.

வெண்டைக்காய் வாங்கும்போது நுனியை ஒடித்துப் பார்க்கலாம். முருங்கைக்காயை முறுக்கிப் பார்க்கலாம். தேங்காயைக் காதருகே வைத்து ஆட்டினாலும் கடைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார். இருபது ரூபாய் வெண்டைக்காய்க்கு இவ்வளவு உரிமை. பதினெட்டு லட்சத்துக்கு டயரை உதைக்கலாம், அவ்வளவுதான்.

"சிங்கிள் ஓனர் சார். டாக்டர் ஓட்டின வண்டி."

இந்த இடத்தில் எனக்குக் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். கடந்த நாலு மாதத்தில் நான் பார்த்தது ஏழு வண்டி. ஐந்தை டாக்டர்கள் ஓட்டியிருக்கிறார்கள். ஒன்றை லேடி டாக்டர். மிச்சம் ஒன்றை, டாக்டரின் மாமனார். இந்த ஊரில் வக்கீல்கள் கார் விற்பதே இல்லையா? கான்ட்ராக்டர்? கவுன்சிலர்? ரியல் எஸ்டேட்காரர்? வெள்ளைச் சட்டையும் கூலிங் கிளாஸுமாக, பின்னால் வந்து ஹாரனை அழுத்தியே நம்மைப் பிளாட்பாரத்தில் ஏற்றுகிறார்களே, அந்த வண்டிகள் எல்லாம் கடைசியில் எங்கே போகின்றன? அவற்றை யாரும் விற்று நான் பார்த்ததில்லை. விற்கிற அன்றைக்கு எல்லாரும் எம்.பி.பி.எஸ். ஆகிவிடுகிறார்கள் போலிருக்கிறது.

சரி, டாக்டர் என்றே வைத்துக்கொள்வோம். மீட்டர் 32,000 கிலோமீட்டர் காட்டியது. பத்து வருடத்துக்கு. நாளொன்றுக்கு ஒன்பதுகூட வரவில்லை. "வீடு விட்டா ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி விட்டா வீடு சார்." போக நாலரை, வர நாலரை. அப்படியானால் இந்த மனிதர் பத்து வருடமாக வேறு எங்கேயும் போகவில்லை. திருப்பதிக்குப் போகவில்லை. குலதெய்வம் கோயிலுக்குப் போகவில்லை. மாமியார் வீடு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே இருந்திருக்க வேண்டும். கல்யாணம், காதுகுத்து எதற்கும் யாரும் அழைக்கவில்லை, அல்லது அழைத்தும் ஆட்டோவில் போயிருக்கிறார். வண்டியில் ஒரு குமிழ் இருந்தது. திருப்பினால் பனி, மணல், சேறு, பாறை என்று படம் மாறும். அண்ணா நகரில் நாலரை கிலோமீட்டருக்குள் டாக்டர் எந்தப் பாறையில் ஏறினார்?

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல் படுத்திருந்தபோது டாக்டருக்கு முகமே வந்துவிட்டது. அரைக்கைச் சட்டை. சரியாக எட்டு நாற்பதுக்கு இறங்கி வருவார். செருப்பை வெளியே தட்டிவிட்டு ஏறுவார். ஸ்டியரிங்கை நாடி பார்க்கிற மாதிரி இரண்டு விரலால் பிடிப்பார், பிரேக்கைக் குழந்தை வயிற்றை அமுக்கிப் பார்க்கிற பதத்தில் மிதிப்பார். ஹாரன் அடிக்கவே மாட்டார். அடித்தால் பேஷண்ட் பயந்துவிடுவார். எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது, அதுதான் ஆபத்து. பிறகு நினைவு வந்தது: அந்தப் பிரேக் பெடல் ரப்பரில் வரியே இல்லை. உள்ளங்கை மாதிரி மொழுக்கென்று தேய்ந்திருந்தது. ஸ்டியரிங் தோலும் இரண்டு பக்கமும் பளபளத்தது. டிரைவர் சீட்டின் வலது ஓரம், ஆள் ஏறி இறங்குகிற இடம், கசங்கி வெடித்திருந்தது. 32,000 கிலோமீட்டருக்கு இது நடக்காது. லேப்டாப்பைச் செருகினால் மீட்டரைப் பின்னால் திருப்ப ஐந்து நிமிடம் போதுமாம். பெடலைத் திருப்ப இன்னும் மெஷின் வரவில்லை.

டாக்டரை விட மனமில்லாமல் அங்கேயே இன்னொன்றும் கேட்டேன். வண்டி 2015 செப்டம்பர். அந்த வருடம் டிசம்பர் முதல் தேதி ராத்திரி சென்னையில் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. "வெள்ளத்துல டாக்டர் எங்க இருந்தார்?"

"டாக்டர் அப்ப ஃபாரின்ல இருந்தார் சார்."

"வண்டி?"

புரோக்கர் கொஞ்சம் யோசித்தார். "வண்டியும் இங்க இல்ல சார்."

சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பார்த்தேன். வெளியே தெரிகிற பாகத்தைத் துவைத்துவிடுவார்கள். உள்ளே சுருண்டு கிடக்கிற பாகத்தில் சேற்றுக்கோடு அப்படியே இருக்கும். இதில் கோடு இல்லை. அப்பாடா என்று மூச்சை இழுத்தால் மல்லிகைப்பூ செண்ட், சாம்பிராணி, அதற்கும் அடியில் ஏதோ ஒரு பழைய வாசனை. மிக்ஜாம் புயல் 2023 டிசம்பரில் வந்தது. பெல்ட்டை மாற்றவா முடியாது? டெல்லி வண்டியாவது பரவாயில்லை, எதற்காக ஓடிவருகிறது என்று தெரியும்: பத்து வயதான டீசலுக்கு அங்கே இடமில்லை என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் சொல்லிவிட்டது. இதுவோ இங்கேயே பிறந்து இங்கேயே வளர்ந்தது, விற்கப்படக் காரணமே இல்லை. "டாக்டர் எலக்ட்ரிக் வாங்கிட்டார் சார்."

பன்னிரண்டரைக்குப் பாய் வந்தார். வந்தவர் முதலில் வண்டியைத் திறக்கவில்லை. மூடியிருந்த பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். நாங்கள் வந்து இரண்டு மணி நேரம் ஆகியும் சூடு இருந்தது. "காலையிலே ஓட்டிச் சூடு பண்ணி வெச்சிருக்கீங்களா?" என்றார். "வெயில் பாய்" என்றார் புரோக்கர். கொட்டகைக்குள் வெயிலாம். குளிர்ந்த இன்ஜினை முதல் தடவை ஸ்டார்ட் பண்ணும்போதுதான் அது உண்மை பேசும், சூடான இன்ஜின் எல்லாம் சபையில் பேசுகிற பேச்சு என்பது பாயின் கட்சி. நீலப்புகை வந்தால் ஆயிலைக் குடிக்கிறது. வெள்ளைப்புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது. ஆயில் மூடியைத் திருகினால் அடியில் பால் கலந்த காபி நிறத்தில் கொழகொழவென்று இருக்கக்கூடாது. இதில் இல்லை. நான் சந்தோஷப்பட்டேன். "புது ஆயில் சார், நேத்து ஊத்தினது" என்றார் பாய்.

பிறகு ஒவ்வொரு டயராகக் குனிந்தார். டயரின் பக்கவாட்டில் ஒரு முட்டைவடிவக் கட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பாய் வாசிக்க, நான் பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதிக்கொண்டேன்: 1819, 0421, 3321, 2823. நாலு டயருக்கு நாலு பிறந்தநாள். "பஞ்சர் ஆக ஆக ஒண்ணொண்ணா மாத்தியிருக்காங்க. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி சார் இது. ஒண்ணு புதுசு, ஒண்ணு தேஞ்சதுன்னா உள்ள கியர் சண்டை போடும். 75 லட்சம் குடுத்து வாங்கினவன் டயர்ல கணக்கு பார்த்திருக்கான். ஆயில்ல பார்த்திருக்க மாட்டானா?"

அந்தச் சோதனை இதுவல்ல. அது வேறு, வருகிறேன்.

"சரி, அந்த டாக்டர் கதை நிஜமாவே இருந்தா?" என்று கேட்டேன். விடமாட்டேன் என்று சொன்னேனே. பாய் தலையில் அடித்துக்கொண்டார். "அதான் சார் இருக்கறதிலேயே மோசம்." டீசல் வண்டியின் சைலன்சர் பாதையில் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு, டி.பி.எஃப். பிடித்த கரியை அது சூட்டில் தானே எரித்துக்கொள்ளும். அந்தச் சூடு வர ஹைவேயில் நிற்காமல் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். நாலரை கிலோமீட்டரில் இன்ஜின் கண்ணைக் கசக்கி எழுந்திருப்பதற்குள் ஆஸ்பத்திரி வந்துவிடும். கரி எரியாது, அடைக்கும். பேட்டரியும் முழுசாக ஏறாது. ஆக, ஊர் ஊராக அடித்து ஓட்டிய கான்ட்ராக்டர் வண்டிதான் நல்ல வண்டி. அதை எவனும் விற்கமாட்டேன் என்கிறான்!

இதற்கெல்லாம் ஏற்கெனவே நோபல் பரிசு கொடுத்துவிட்டார்கள் என்பதும் எனக்கு எரிச்சல்தான். ஜார்ஜ் அகெர்லோஃப் என்கிற அமெரிக்கப் பொருளாதார நிபுணர் 1970-இல் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வண்டியின் லட்சணம் விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. தெரியாததால் எல்லா வண்டிக்கும் நடுத்தர விலைதான் கொடுப்பான். அந்த விலை கட்டாததால் நல்ல வண்டி வைத்திருப்பவன் விற்காமல் வீட்டிலேயே வைத்துக்கொள்வான். சந்தையில் மிஞ்சுவது மற்றது. மூன்று ஆய்விதழ்கள் அந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பின. 2001-இல் நோபல். மோசமான காருக்கு அவர்கள் ஊரில் எலுமிச்சம்பழம் என்று பேர், கட்டுரையின் தலைப்பிலேயே அது இருக்கிறது. நாமோ வண்டி எடுத்த அன்றைக்கே நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்து, அதன்மேல் ஏற்றி நசுக்குகிறோம்.

கடைசியாகப் பாய், பின் டயருக்கும் மேலே வளைந்த தகரத்துக்கும் நடுவில் விரல்களை நுழைத்தார். வலப்பக்கம் நாலு விரல் போயிற்று. இடப்பக்கம் மூன்று. இந்த வண்டியில் ஸ்பிரிங் கிடையாது. ரப்பர் பைகளில் காற்றை அடைத்து, அதன்மேல் வண்டி உட்கார்ந்திருக்கிறது. பாய் அதைப் பலூன் என்பார். பலூனில் கீறல் விழுந்தால் ராத்திரியோடு ராத்திரியாகக் காற்று இறங்கி, வண்டி எருமை மாதிரி உட்கார்ந்துவிடும். காலையில் ஸ்டார்ட் பண்ணினால் கம்ப்ரஸர் முக்கி முனகித் தூக்கி நிறுத்தும். முக்கி முக்கி அதுவும் போகும். இரண்டுக்கும் சேர்த்துப் பாய் சொன்ன தொகைக்கு எங்கள் ஊரில் கன்றோடு இரண்டு பசு வாங்கலாம். "ஒரு ராத்திரி நிறுத்திவெச்சுப் பார்த்தாத் தெரிஞ்சிடும்" என்றார். நான் சொன்ன அந்த ஒரே சோதனை இதுதான். "மூணு மணிக்கு வேற பார்ட்டி வராங்க சார். அப்புறம் என்னைக் குறை சொல்லக்கூடாது" என்றார் புரோக்கர். அந்த வேற பார்ட்டியும் டாக்டர் மாதிரிதான், யாரும் நேரில் பார்த்ததில்லை. திரும்பிவிட்டோம். பையன் மட்டும் அழுதான்.

வியாழக்கிழமை சாயங்காலம் அந்த வண்டி எங்கள் அபார்ட்மெண்டுக்குள் வந்து நின்றது. அதே நம்பர். சி பிளாக்கில் இருக்கிறவர் எடுத்திருக்கிறார். தேங்காய் உடைத்து, நாலு எலுமிச்சம்பழமும் வைத்தாயிற்று. "நீங்களும் தேடிட்டு இருந்தீங்கல்ல சார்? இது கண்ணை மூடிட்டு எடுக்கலாம்னாங்க. போன வாரம் யாரோ ஒருத்தர் கும்பலா வந்து பார்த்துட்டு, பணம் பத்தாம போயிட்டாராம்" என்று என் கையில் கேசரியைக் கொடுத்தார். கேசரி நன்றாகத்தான் இருந்தது. என் பேங்க் பாஸ்புக்கைக் கொண்டுவந்து அவரிடம் காட்டலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன்.

ராத்திரி பத்து மணிக்குக் குப்பை கொட்டுகிற சாக்கில் கீழே போய், இடது பின் டயரின் மேல் விரலை நுழைத்தேன். மூன்று விரல். காலை ஆறு மணிக்குப் பால் வாங்கப் போகும்போது மறுபடி நுழைத்தேன். ஒன்றரை.

"என்ன சார் தேடுறீங்க?" என்றார் வாட்ச்மேன்.

"ஒண்ணுமில்லப்பா, சாவி விழுந்துடுச்சு."

பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு ஓரமாகப் பேப்பர் படிக்கிற மாதிரி நின்றேன். பால் சூடாகிவிட்டது. சரியாக எட்டு நாற்பதுக்கு அரைக்கைச் சட்டையில் அவர் இறங்கி வந்தார். பல் டாக்டர். கிளினிக் அடுத்த தெரு.