போர்டியல்: வட்டக்கோட்டை பஸ்ஸை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

கல்லைக் கண்டால் படிக்காமல் விடாத பூமி நாஞ்சில் நாடு. சுசீந்திரம் கோயிலுக்கென்றே டாக்டர் கே.கே. பிள்ளை 1953இல் தனிப் புத்தகம் போட்டார். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை கவிதை எழுதிய நேரம் போகக் கல்வெட்டுகளோடு மல்லுக்கட்டினார். காந்தளூர்ச்சாலை பற்றி அவரும் எழுதிவைத்திருக்கிறார். ராஜராஜன் அங்கே அறுத்ததாகக் கல்வெட்டு சொல்லும் 'கலம்' கப்பலா, உண்கலமா என்ற வழக்கு இன்னமும் நிலுவையில்தான் இருக்கிறது. இப்பேர்ப்பட்ட மண்ணில், சனம் தினமும் அண்ணாந்து பார்க்கும் ஓர் எழுத்தாவணத்தை மட்டும் யாரும் மைப்படி எடுக்கவில்லை. பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் போர்டைச் சொல்கிறேன். அந்தக் குறையைப் போக்கவே போர்டியல் என்னும் இத்துறையை இக்கட்டுரையின் வாயிலாகத் தோற்றுவிக்கிறேன். துறைத்தலைவர் பதவிக்கு வேறு யாரும் மனுப் போடாததால் அதையும் நானே ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஆய்வுக்களம் வட்டக்கோட்டை. கன்னியாகுமரியிலிருந்து வடகிழக்கே ஆறேழு கிலோமீட்டர். ஒருபக்கம் வங்கக்கடல், திரும்பினால் மேற்குத் தொடர்ச்சி மலை. கருங்கல் கோட்டை. இந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்குத் தக்க காரணம் உண்டு. வட்டக்கோட்டை வட்டம் இல்லை. ஏறத்தாழ மூன்றரை ஏக்கரில் செவ்வகமாகக் கிடக்கிறது. ஆகவே 'வட்டக்கோட்டை' என்று எழுதிய போர்டை எழுத்துக்கு எழுத்து நம்பி ஒருவர் வட்டத்தைத் தேடினால், இருட்டும்வரை தேடிக்கொண்டிருக்கலாம். மாவட்டத்தின் பிற ஊர்களும் இதற்குச் சளைத்தவை அல்ல. திங்கள்சந்தை பஸ் வியாழக்கிழமையும் ஓடுகிறது. வெள்ளிச்சந்தை பஸ்ஸில் திங்கட்கிழமையும் உட்கார இடம் கிடைப்பதில்லை. இதிலிருந்து போர்டியலின் முதல் விதி பிறக்கிறது: போர்டு ஊரின் லட்சணத்தைச் சொல்வதன்று, பஸ்ஸின் எண்ணத்தைச் சொல்வது. அந்த எண்ணம் நிறைவேறுமா என்பது அடுத்த விதி.

இவ்விரண்டாம் விதிக்கு இந்தக் கோட்டையே சாட்சி. இதைக் கட்டியவர், அல்லது திருத்திப் பலப்படுத்தியவர், டிலனாய். கோட்டைக் கல்லில் பாண்டியரின் மீன் சின்னம் இருப்பதால் அவர்களுக்கும் இதில் பங்கு உண்டு என்பார்கள். அந்தத் தகராறுக்குள் நான் போகவில்லை. டிலனாய் புறப்பட்டபோது அவர் நெற்றியில் இருந்த போர்டு டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி. 1741இல் குளச்சலில் மார்த்தாண்டவர்மாவின் படை அவரைப் பிடித்து நிறுத்தியது. அங்கே போர்டு மாறியது. அதே மனிதர், அதே எஞ்சின். திருவிதாங்கூர் படைக்குப் பயிற்சி கொடுத்து, கோட்டைகள் கட்டி, வலிய கப்பித்தான் என்று பேர் வாங்கி, 1777இல் காலமாகி உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமானார். கல்லறையில் லத்தீன், தமிழ் இரண்டிலும் பொறித்திருக்கிறார்கள். பாதி வழியில் போர்டு மாற்றி ஓட்டப்பட்ட சர்வீசுக்கு இம்மாவட்டத்தின் முன்னோடி இவரே என்பது என் துணிபு. இருமொழிப் போர்டுக்கும் அவரே முன்னோடி. களியக்காவிளை தாண்டிப் போகிற பஸ்களில் தமிழோடு மலையாளமும் சேர்ந்து உட்கார்ந்திருப்பதெல்லாம் பிற்பாடு வந்த வழக்கு.

இனிச் சுருள் போர்டு. இது சீமையில் செழித்த கலை. இரண்டு உருளைகள், நடுவே நீளமான துணி, துணியில் அந்தப் பஸ் போகக்கூடிய ஊர்கள் எல்லாம் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் மேலிருந்து கீழாக அச்சாகியிருக்கும். உள்ளிருந்து கைப்பிடியைச் சுற்றினால் ஊர் மாறும். பின்னால் ஒரு விளக்கு. லண்டனில் ஓடி ஓய்ந்த ஆர்.டி. வகை இரட்டை மாடி பஸ்கள் பின்னால் இலங்கைக்குக் கப்பலேறின. 'பேங்க்' என்று நறுக்கென்று முடிகிற லண்டன் பெயருக்கு அளவெடுத்த கண்ணாடிக்குள் அனுராதபுரத்தை நுழைப்பது எப்படி என்பது முனைவர் பட்டத்துக்கு உகந்த தலைப்பு. இப்போது அந்தப் பழைய துணிச்சுருள்களை வெட்டிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டுகிறார்களாம். எந்தப் பஸ்ஸும் வராத சுவரில் எதற்கு ஊர்ப்பெயர் என்று கேட்பது ஆய்வாளர்க்கு அழகல்ல.

அந்த லண்டனின் போக்குவரத்து வாரியத்தில் இருந்த ஈ.ஜி. சால்ட்டர்தான் திருவிதாங்கூர் அரசின் பஸ் சர்வீசை உண்டாக்க வந்தார். 1938 பிப்ரவரி 20 அன்று திருவனந்தபுரத்தில் சித்திரைத் திருநாள் மகாராஜா குடும்பத்தோடு ஏறிக்கொள்ள, முதல் பஸ்ஸை சால்ட்டரே கவடியார் வரைக்கும் ஓட்டினார். ராஜாவே ஏறியிருக்கும்போது போர்டில் என்ன இருந்தால் என்ன? 'எங்கே போகுது?' என்று கேட்க யாருக்குத் துணிவு வரும்? போர்டு எவருக்கும் தேவைப்படாத ஒரே டிரிப் அதுவாகத்தான் இருக்கும்.

நம் பக்கத்தில் நிலைபெற்றது தகரம். கண்ணாடிக்கு மேலே ஒரு பள்ளம், அதில் செருகி எடுக்க ஒரு தகடு, தகட்டின் ஒரு முகத்தில் போகும் ஊர், மறுமுகத்தில் திரும்பும் ஊர். கண்டக்டர் முன் பம்பரில் ஒரு காலை ஊன்றி, இன்னொரு காலை அந்தரத்தில் விட்டு, விசிலை வாயில் கவ்வியபடி தகட்டைப் புரட்டிப் போடுவார். உப்புக்காற்றில் துருப்பிடித்த பள்ளத்தில் தகடு பாதியில் சிக்கிக்கொள்ளும். உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினால் 'டக்'கென்று உட்காரும். அந்தச் சத்தம் கேட்ட மாத்திரத்தில், அதுவரை நிழலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த கூட்டம் வாசலுக்கு வந்துவிடும். எழுத்தைப் பார்த்து யாரும் எழுந்திருக்கவில்லை என்பதை ஊன்றிக் கவனிக்க. இம்மாவட்டத்தில் 1979 வரைக்கும் ரயில் கிடையாது. ஆகவே அந்தத் தகரச் சத்தத்துக்குச் செவி பழகியதில் வியப்பும் கிடையாது.

தகட்டுக்குப் பெயின்டர் எழுதிய எழுத்தைப் பற்றித் தனியே ஒரு நூல் எழுதலாம். வட்டக்கோட்டையில் எழுத்து ஏழு. அதில் மூன்று புள்ளி வைத்தவை. கோவுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, டைக்கு முன்னால் ஒன்று என்று துணையுருக்களையும் சேர்த்தால் தகட்டில் பத்து உருவம் நிற்க இடம் வேண்டும். தொடக்கத்தில் பெயின்டருக்குக் கை தாராளம். 'வட்ட' மட்டும் தகட்டில் பாதியைத் தின்றுவிடும். மீதிப் பாதியில் கோட்டை நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். 29 அடி தடிமனுக்கு முன்மதில் எடுத்த கோட்டையை இப்படி இடுக்கில் ஒதுக்குவது முறையா என்று டிலனாய் கேட்டிருக்கக்கூடும்.

தகட்டின் வயதைக் கணிப்பதற்கு ஒரு வழி கண்டிருக்கிறேன். கார்பன் வேண்டாம், தும்பிக்கை போதும். 1978இல் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணை போட்டது. அதற்கு முன்பு லை, ளை, ணை, னை ஆகியவை யானைத் தும்பிக்கையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நின்றன; ணா, றா, னா சுழித்துக்கொண்டு கிடந்தன. ஆகவே தக்கலை, தோவாளை, களியக்காவிளை என்ற தகடுகளில் தும்பிக்கை தென்பட்டால் அது ஆணைக்கு முந்தியது எனக் கொள்க. பெயின்டர் அரசாணை படிக்காதவராகவோ, படித்தும் மதிக்காதவராகவோ இருந்தால் இந்த முறை சற்றே தடுமாறும். பெரிய தடுமாற்றம் வேறிடத்தில் இருக்கிறது. வட்டக்கோட்டையின் 'டை'க்கு எந்தக் காலத்திலும் தும்பிக்கை இருந்ததில்லை. 1960இல் எழுதினாலும் 2000இல் எழுதினாலும் ஒரே முகம். ஆய்வுக்களமாக எடுத்துக்கொண்ட ஊருக்கே ஆய்வுமுறை பொருந்தவில்லை. இது கருதுகோளின் குறையன்று, ஊரின் அழுத்தம்.

நெற்றி இப்படி என்றால் விலாவில் இன்னொரு வரலாறு. திருவிதாங்கூர் பஸ்ஸாக இருந்தது, 1956 நவம்பர் 1 அன்று மாவட்டத்தோடு சேர்ந்து சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. 1974இல் திருநெல்வேலியில் கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம். 1983இல் அதிலிருந்து பிரிந்து நாகர்கோவிலில் நேசமணி போக்குவரத்துக் கழகம். மாவட்டத்தைத் தமிழகத்தோடு சேர்க்கப் போராடிய மார்ஷல் நேசமணியின் பெயர். 1997இல் விருதுநகர்ப் பக்கம் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு கழகம் தொடங்கியபோது, அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று ஒரு கூட்டம் நின்றது. கலவரம் மூண்டது. முடிவில் எல்லாக் கழகங்களின் தலைவர் பெயர்களையும் அரசு அழித்து, மாவட்டங்களுக்கு வைத்த பெயர்களையும் எடுத்துவிட்டது. எங்கே போகிறது என்று பார்த்து ஏறுகிற சனம், யார் பெயர் என்று பார்த்து இறங்கிய காலம் அது. இந்த இடத்தில் போர்டியலுக்குச் சிரிப்பு வரவில்லை, மேலே செல்வோம்.

இனி மையச் சிக்கல். போர்டைப் படித்தபின் பயணி என்ன செய்கிறார்? கேட்கிறார். இதில் விதிவிலக்கே நான் கண்டதில்லை. கன்னியாகுமரி பஸ் ஸ்டாண்டில், இடுப்பில் கடவத்தோடு ஓர் ஆச்சி, போர்டுக்கு நேர் கீழே நின்று கண்டக்டரிடம் நடத்திய உரையாடலை அப்படியே தருகிறேன்.

"மக்கா, இது வட்டக்கோட்டை போவுமா?"

"போர்டுல போட்டிருக்கே ஆச்சி."

"போர்டுல என்னவும் போட்டிருக்கும். நீ போவியா?"

இதைக் கல்லில் வெட்டி வைக்கலாம். போர்டு எழுத்து, கண்டக்டர் வாக்கு. எழுத்தைச் சாட்சியாக வைத்துக்கொண்டு வாக்கை வாங்கினால்தான் ஒப்பந்தம் செல்லும் என்பது நாஞ்சில் நாட்டுச் சட்டம். ஆச்சி கேட்டது அறியாமையால் என்று ஒரு சாரார் கூறுவர். அது பொருந்தாது, அவர் போர்டைக் கண் சுருக்கி எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத்தான் கேட்டார். பேச்சுத்துணைக்காகக் கேட்கிறார்கள் என்பர் மற்றொரு சாரார். அதுவும் பாதி உண்மைதான். என் கருத்து யாதெனில், போர்டு விடை அன்று, கேள்விக்கு எடுத்துக்கொடுக்கும் அடி. போர்டே இல்லாவிட்டால் ஆச்சி, "இது எங்கல போவுது?" என்று பொதுப்படையாகக் கேட்டு, கண்டக்டர் பத்து ஊர் ஒப்பிக்க வேண்டிவரும். போர்டு இருப்பதால் ஒரு தலையசைப்போடு காரியம் முடிகிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனபின் கேள்வி இரண்டாகப் பெருகியிருக்கிறது. "டிக்கெட் உண்டுமா?" என்பது முந்தி வருகிறது. ஊர் பிந்தித்தான்.

'வழி' என்ற சிறு எழுத்து வரியையும் தொட்டாக வேண்டும். போர்டில் ஊருக்கு இரண்டே சாதி: சேருமிடம், வழி. சேருமிடம் பெரிய எழுத்தில் நடுவே நிமிர்ந்து உட்காரும். வழி ஓரத்தில் ஒடுங்கி நிற்கும். அஞ்சுகிராமத்துக்கும் கன்னியாகுமரிக்கும் நடுவில் கிடப்பதால் வட்டக்கோட்டைக்குப் பல நேரம் இரண்டாவது இடந்தான். ஆனால் தூரத்தில் வரும் பஸ்ஸைப் பார்த்து ஓடலாமா, வேண்டாமா என்று முடிவெடுப்பவர்கள் பெரும்பாலும் 'வழி'க்காரர்களே. சேருமிடத்துக்காரர் நிதானமாக ஏறி ஜன்னலோரம் பிடித்துக்கொள்வார். பெரிய எழுத்து அவருக்கு எதற்கு? அளவை மாற்றிப் போடுக என்று துறை பரிந்துரைக்கிறது.

இப்போது எல்.இ.டி. வந்துவிட்டது. போட்டோ எடுத்தால் பாதி எழுத்து விழுவதில்லை. விளக்குகள் வரிசை வரிசையாக மாறி மாறி மினுக்குவதை, கண் ஒன்றாகச் சேர்த்துக்கொள்கிறது, கேமரா சேர்ப்பதில்லை. நண்பகல் வெயிலில் கண்ணுக்கும் எட்டாது. நீண்ட பெயரை ஒரே மூச்சில் காட்ட இடமில்லாமல் எழுத்துகள் வலமிருந்து இடமாக ஊர்ந்து வருகின்றன. சீமைச் சுருள் போர்டு மேலிருந்து கீழாகச் சுருண்டது. இது பக்கவாட்டில் சுருள்கிறது. அவ்வளவுதான் முன்னேற்றம். ஒருமுறை '...கோட்டை' என்ற வால் மட்டும் கண்ணில் பட, செங்கோட்டையா, புதுக்கோட்டையா, நம்ம கோட்டையா என்று ஒரு பெரியவரும் நானும் விவாதித்துக்கொண்டிருந்தோம். தலை வருவதற்குள் பஸ் வளைவில் திரும்பிவிட்டது. தகரக் காலத்தில் இந்த விவாதத்துக்கு வாய்ப்பே இருந்ததில்லை.

எஞ்சியிருப்பது 'பணிமனை' என்ற போர்டு ஒன்று. ஓட்டம் முடிந்து டிப்போவுக்குத் திரும்பும் வண்டி அது. ஆள் ஏற்றுவதில்லை என்பது பொருள். போர்டியலில் ஐயத்துக்கே இடம் தராத ஒரே வாசகம் இதுதான் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். ராத்திரி கடைசி டிரிப் முடிந்து அப்படி ஒரு பஸ் வேகம் குறைந்தபோது, தலையில் துண்டைக் கட்டிய ஒருவர் கைகாட்டி ஓடிப்போய்ப் படியில் ஒரு காலை வைத்தார்.

"போர்டப் பாக்கலியா அண்ணாச்சி? டிப்போவுக்குப் போவுது."

"ராணித்தோட்டந்தானே? எனக்க வீடு அதுக்குப் பொறத்தாலதான். வண்டிய எடும்."