அங்கெல்லாம் சார்

தாம்பரத்துக்குத் தெற்கே, ஓய்வு பெற்றவர்கள் காலை நடைக்குக் கிளம்பும் எந்தத் தெருவிலும் இவரைப் போல ஒருவர் கட்டாயம் இருப்பார். பிள்ளை வெளிநாட்டில் இருப்பான். இவர் ஒரே ஒரு தடவை போய்ப் பதினாறு நாள் சுற்றிவிட்டு வந்திருப்பார். அந்தப் பதினாறு நாளைப் பதினாறு வருஷத்துக்கு வைத்துச் சாப்பிடுவார்.

எங்கள் சேலையூர் ஆசாமி போய் வந்தது ஸ்கேண்டிநேவியா. மகன் கோத்தன்பர்க்கில் கார் கம்பெனி இன்ஜினீயர். காரின் தலையில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு சுவீடன், நார்வே என்று அப்பா அம்மாவை ஓட்டிக் காட்டியிருக்கிறான். சாருக்கு வீட்டில் வைத்த பேர் ஒன்று உண்டு. தெருவுக்குத் தெரிந்தது 'அங்கெல்லாம் சார்'தான். அந்தச் சொல் இல்லாமல் அவருக்கு வாய் திறக்காது.

வண்டலூர் சிக்னலில் ஒரு பைக் சிவப்பு விளக்கைத் தாண்டிப் பாய்ந்தது. "அங்கெல்லாம் பட்டப்பகல்லயே ஹெட்லைட் போட்டுத்தான் ஓட்டணும். சட்டம்" என்றார். நம்ம ஊர்ப் புது பைக்குகளிலும் 2017-லிருந்து விளக்கு தானாகவே எரிகிறதே என்றேன்.

"அது வேற."

ட்ரோல்ஸ்டீகன் என்றொரு மலைப்பாதையாம், 11 கொண்டை ஊசி வளைவாம், உயிர் கையில் இல்லையாம். கொல்லிமலையில் 70 இருக்கிறதே சார் என்றால் அதுவும் வேறதான். அவரிடம் கணக்குப் பேசி யாரும் ஜெயித்ததில்லை. முப்பது வருஷம் வங்கியில் இருந்தவர்.

அவரை நிஜமாகவே அசைத்துப் பார்த்தது லேர்டால் சுரங்கப்பாதை. 24.5 கிலோமீட்டர் நீளம். ஒரே மாதிரி இருட்டில் ஓட்டுகிறவன் கண் அசந்துவிடக் கூடாதென்று நடுவில் மூன்று இடத்தில் குகை மாதிரி அகலமாக்கி நீல விளக்குப் போட்டிருக்கிறார்கள். ஊர் திரும்பிய வாரமே தன் கார் ஷெட்டில் நீல விளக்கு மாட்டினார். புதிதாக சலூன் திறந்திருக்கிறதா என்று இரண்டு பேர் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள்.

அவர் வீட்டம்மாவிடம் அதே பயணத்துக்கு வேறு பதிப்பு இருக்கிறது. "ரெண்டு பாட்டில் புளிக்காய்ச்சல், ஒரு கிலோ பருப்புப் பொடி. எந்த ஃபியார்டுன்னு எனக்குத் தெரியாது. குக்கர் மூணாவது விசில் வராம அடம்பிடிச்சது மட்டும் ஞாபகம் இருக்கு." டென்ட்? "ஒரு ராத்திரி. பதினொரு மணிக்கும் வெளிச்சம், தூக்கம் வரலைன்னு எழுந்து போயி, கார் கண்ணாடியில வேட்டியைக் கட்டிக்கிட்டு உள்ள படுத்தாரு. மிச்ச நாளும் கார்தான்."

ஊர் திரும்பும்போது அந்த டென்டை மகன் கையோடு கொடுத்தனுப்பிவிட்டான். அதற்கு ஒரு கடற்கரை வேண்டுமே என்று, நடைக் கோஷ்டி ஐந்து பேரையும் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கேளம்பாக்கம் வழியாகக் கோவளத்துக்குக் கூட்டிப் போனார். அங்கே பறக்கிற நீலக்கொடியைக் காட்டினேன். சுத்தமான கடற்கரை என்று 2021-ல் கோவளத்துக்குக் கிடைத்த சான்றிதழ் அது. கொடுக்கிற அமைப்பின் தலைமையகம் கோப்பன்ஹேகனில் என்றேன். சும்மா இருந்திருக்கலாம். கொடிக்கம்பத்தைச் சம்பந்தி வீட்டு மாப்பிள்ளையைத் தட்டிக்கொடுப்பது போலத் தட்டிக்கொடுத்தார்.

சற்றுத் தள்ளிப்போய் டென்டை விரித்தோம். குளிர் உள்ளே புகாதபடி தைத்த டென்ட். குளிர் புகவே இல்லை. பத்து நிமிஷத்தில் நாங்கள் துணி போட்ட தட்டில் ஆறு இட்லியாக வெந்துகொண்டிருந்தோம். ஜிப்பைத் திறக்கலாமா என்றதற்கு, "கொசு வரும், அங்கெல்லாம்..." என்று ஆரம்பித்தார். வெளியே டார்ச் அடித்தது.

"இங்க டென்ட் போடக் கூடாது சார். கிளம்புங்க."

ரோந்துக் காவலர், இளம்பிள்ளை. சார் அவரை நிற்க வைத்து, 1957-ல் நார்வேயில் வந்த சட்டத்தை விளக்கினார். வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளி யாரும் யாரையும் கேட்காமல் கூடாரம் போடலாம், இரண்டு ராத்திரி தங்கலாம், அது மனுஷனுடைய உரிமை. காவலர் பொறுமையாகக் கேட்டார்.

"இது கோவளம் சார்."

பக்கத்துக் குப்பத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். "நம்ம வூட்டுக்கு வந்தவங்கதான் சார், நான் பாத்துக்கறேன்" என்று காவலரை அனுப்பிவிட்டு எங்களைப் பார்த்தார். "இன்னாத்துக்கு அந்தத் துணிக்குள்ள வேவுறீங்க? வாங்க, போட்டாண்ட காத்து வரும்."

ஃபைபர் படகுகளுக்கு நடுவில் வலை குவிந்து கிடந்தது. மீன் வாடையும் உப்பும் அடித்தாலும் மேலே துண்டை விரித்தால் இலவம்பஞ்சு கெட்டது. ஏற்கெனவே நாலைந்து பேர் மணலில் தூங்கிக்கொண்டிருந்தார்கள், எந்த வருஷத்துச் சட்டமும் தெரியாமல். சார் வலைமேல் சாய்ந்தார். நார்வேயில் வராத தூக்கமெல்லாம் சேர்ந்து வந்தது. அலைக்கு மேல் கேட்டது அவர் குறட்டை.

மூன்றரை மணிக்கு யாரோ அவர் தோளை உலுக்கினார்கள்.

"ஐயா, கொஞ்சம் எழுந்திரிங்க. வலை போவணும்."

எழுந்து, துண்டைக் கட்டிப்பிடித்தபடி நின்றார். அவர் படுத்திருந்த மெத்தையை நாலு பேர் தூக்கிப் படகில் போட்டார்கள். படகைத் தள்ளினார்கள். இன்ஜின் இருமிப் பிடித்தது. இருட்டில் ஒரு சின்ன விளக்கு ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போனது. அது மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அங்கெல்லாம் தூங்கறவன் படுக்கையைக் கடலுக்குக் கொண்டுபோக மாட்டான் சார்."